பஸ் வருவதற்கு முன் ஐந்து சுரம்

இசைப்பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கை ரேணுகாதேவி காலையில் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டாம். பார்க்காமல் கிளம்பியிருந்தால் இந்நேரம் புதுப் பேருந்து நிலையத்தின் சிமெண்டுப் பெஞ்சில் மகாராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, தூணுக்குத் தூண் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாக ரசித்துக்கொண்டிருக்கலாம். அத்தனையும் இன்றைக்குத்தான் வாய் திறக்கப் போகின்றன. பழனி வண்டி, பொள்ளாச்சி வண்டி, தாராபுரம் வண்டி என்று ஒரு பெண் குரல் சொல்லும். சொல்வதற்கு முன்னால் ஐந்து சுரம் ஒலிக்கும். அந்த ஐந்தும் இவளுடையவை. யாரிடமும் இரவல் வாங்கியதில்லை. இவள் விரல் வைத்து, இவள் குமிழ் திருகி, இவள் காது ‘சரி’ என்று சொன்ன பிறகு பிறந்தவை. இந்த ஊரில் மில் வைத்தவர் இருக்கிறார், ஜவுளிக்கடை வைத்தவர் இருக்கிறார், தேர்தலில் நின்று டெபாசிட் போனவர்கூட இருக்கிறார். நாள் முழுக்க ஊரே காது கொடுக்கிற மாதிரி ஒன்றைச் செய்தவர் யார்? இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற ரேணுகா. நினைக்க நினைக்க நெஞ்சு பொங்கத்தான் செய்கிறது. ஏன் மறைக்க வேண்டும், பொங்கட்டும். ஆனால் பொங்கி வருகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு விளக்கு குறுக்கே வந்து நிற்கிறது.

பக்கத்தில் நங்கை பேசிக்கொண்டிருந்தாள். நங்கை என்றால் கணவன் குழந்தைவேலுவின் அக்கா, தெய்வாத்தாள். பழனியிலிருந்து முந்தாநாள் வந்தவள், இன்றைக்குத் திரும்புகிறாள். ‘உன்ற மியூசிக்கையும் கேட்டுப்போட்டே பஸ் ஏறுறேன்’ என்று கூடவே வந்து உட்கார்ந்துவிட்டாள். ரேணுகா கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பது பாதிப் பொய். போன வாரம் போனில் ஒன்றுக்கு இரண்டு தடவை இந்த விஷயத்தைச் சொன்னது யாராம்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் இதுதான். “அந்தச் சேல இருக்குதல்ல அம்மணி, மருமவ வளகாப்புக்கு எடுத்தது, ஒரே தண்ணில சாயம் போயிருச்சு. கடைக்காரன்கிட்டக் கேட்டா நீங்க வெந்நீர்ல போட்டிருப்பீங்கங்கிறான். நான் எதுக்குடா பட்டுச்சேலய வெந்நீர்ல போடறேன், எனக்கென்ன கிறுக்கா?” “ஆமாங்க நங்கை,” என்றாள் ரேணுகா. சிவப்பு. காலையில் பெட்டியைத் துடைத்து ஆன் பண்ணியபோது சிவப்பாக இருந்தது. அப்படியென்றால் நேற்றைக்கும் சிவப்பாக இருந்திருக்கும். திங்கட்கிழமை? திங்கட்கிழமை சவுண்ட் சர்வீஸ் நாச்சிமுத்தண்ணன் கடையில் அந்த ஐந்து சுரத்தைப் பதிவு செய்தபோது? “என்ன அம்மணி, முகம் வாடிக் கெடக்குது?” “ஒண்ணுமில்லீங்க, வெயிலு.” வெயிலே இல்லை. நங்கை மேலே பார்த்துவிட்டுச் சேலைக்குத் திரும்பினாள்.

இரண்டு சாண் அகலம், அவ்வளவுதான் அந்தப் பெட்டி. கீபோர்டு மாதிரி இருபத்தைந்து கட்டை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம், மேலே வரிசையாகத் திருகு குமிழ்கள், ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஸ்பீக்கர். மடியில் வைத்தால் மடி, கைப்பையில் போட்டால் கைப்பை. வந்த புதிதில் குழந்தைவேலு அதற்கு வைத்த பேர் பொம்மைப் பொட்டி. அவர் ஒன்றும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போகிற மனுசன், பாறையைப் பிளக்கிற இரைச்சலோடு குடித்தனம் பண்ணுகிறவர், அவருக்குக் கையில் அடங்குகிறதெல்லாம் பொம்மைதான். ஆனால் மாரியம்மன் நோம்பிக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது கட்டில் மேல் கிடந்ததை நங்கை எடுத்து, தூக்கிக் காட்டி, “இது யாருக்கு அம்மணி இந்தப் பொம்ம?” என்று கேட்டாளே, அது வேறு. கேட்டதும் கூடமே தரையைப் பார்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லாத வீட்டில் பொம்மை என்ற சொல் விழுந்தால் சோற்றுப் பருக்கை விழுந்த மாதிரி எல்லாரும் குனிவார்கள். “எனக்குத்தானுங்க,” என்றாள் ரேணுகா. அப்புறம் சமையல்கட்டில் யாரோ யாரிடமோ, “பாவம், மனச ஆத்திக்க ஒண்ணு வேணுமல்ல,” என்றது காதில் விழுந்தது. அந்தப் பாவம் இன்னும் எரிகிறது. பிள்ளை இல்லாத வருத்தம் அவளுக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, அதற்கு அழ வேண்டியதை அழுதாயிற்று, இனிமேலும் ஒரு நாள் வந்தால் அழுவாள். அது தனி. பிள்ளை பெற்றவள் ஒரு பெட்டி வாங்கினால் ஆசை, பெறாதவள் வாங்கினால் ஆறுதலா? ஆசைப்பட்டுத்தான் வாங்கினாள். கைப்பேசியில் எவனோ ஒருவன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அதை வைத்து, ஒரு குமிழைத் திருகத் திருக அந்தச் சத்தம் வாயை மூடி மூடித் திறந்ததே, அதைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்? பெட்டியோடு வந்த புத்தகம் சீன பாஷையிலும் வேறு நாலு பாஷையிலும் இருந்தது, படம் மட்டும் எல்லாருக்கும் பொது. குமிழ்களின் கீழே இருந்த எழுத்து கடுகைவிடச் சின்னது. இரத்தம் பிடிக்கிற குழாய்களில் பேர் எழுதி ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு பரிசோதனைக் கூடத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதை நறுக்கி, ஒவ்வொரு குமிழின் கீழும் தனக்குப் பட்ட பேரை எழுதி ஒட்டினாள். சத்தம் மெல்லத் தொடங்குமா, வெடுக்கென்று தொடங்குமா என்பதற்கு ‘மூச்சு’. விரலை எடுத்த பிறகும் கொஞ்சம் நீள்கிறதே, அது ‘வால்’. மந்தமாக இருந்த சத்தம் பளிச்சென்று விரிகிறதே, அது ‘வாய்’. ஒன்றுக்கு மட்டும் என்ன திருகினாலும் அர்த்தம் விளங்காமல் ‘தெரியாது’ என்று எழுதி ஒட்டினாள், இன்றைக்கும் அது தெரியாதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற யந்திரம் ஓடி ஓய்கிறபோது அதன் ரீங்காரம் வழுக்கிக்கொண்டே கீழே இறங்கும். அந்த வழுக்கலைப் பெட்டியில் பிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. பிடித்துவிட்டாள். தொட்டுப் பார்த்தே நரம்பு கண்டுபிடிக்கிற விரல், அதற்கு ஒரு குமிழ் எம்மாத்திரம்? பிடித்த அன்றைக்கு வரவேற்பில் உட்காருகிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். அவள் இரண்டையும் கேட்டுவிட்டு, “அக்கா, மெசின் நின்னு போச்சு, ஆனா இன்னும் ஓடுது,” என்றாள். அதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்!

“பத்து மணிக்குப் போடுவாங்கன்னியே, மணி ஆயிருச்சே,” என்றாள் நங்கை. “இப்பப் போட்டுருவாங்க.” போட்டுவிடுவார்கள், அதுதான் பயம். நாச்சிமுத்தண்ணன் போனை எடுக்கவில்லை, இரண்டு தடவை அடித்தாகிவிட்டது. எங்கேயாவது ஏணி மேல் நிற்பார். இந்த நிலையத்துக்கு ஒலிபெருக்கி மாட்டுகிற வேலை அவருடைய சவுண்ட் சர்வீசுக்குத்தான் வந்தது. சர்க்கரை பார்க்கக் கூடத்துக்கு வருவார், சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்கக் காத்திருக்கிற நேரத்தில்தான் அவள் வாசிப்பைக் கேட்டார். “இன்டர்நெட்ல தேடுனா எல்லாச் சத்தமும் ஏரோப்ளேன் ஏர்ற எடம் மாதிரியே இருக்குது அம்மணி. நம்மூர்க்காரன் அதக் கேட்டா எந்திரிக்க மாட்டான், பயந்துக்குவான். நீயே ஒண்ணு போட்டுக் குடேன்.” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவளுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊருக்கும் போகாமல், கண்டக்டர்கள் கத்துவதைக் கேட்டாள். எந்த ஊர் வண்டியானாலும் சரி, ஊர்ப் பேரை மளமளவென்று இறக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து மேலே தூக்குகிறார்கள். பழனி பழனி பழனீ. அந்தத் தூக்கலில்தான் தூங்கி வழிகிறவன் பையைத் தேடுகிறான். அதை எடுத்தாள். நாலு சுரம் படி இறங்கும், அஞ்சாவது தூக்கி நிறுத்தும், வால் கொஞ்சம் நீளம், வாய் முழுக்கத் திறப்பு. ஒரு மாதம் ஆயிற்று. அஞ்சு சுரத்துக்கு ஒரு மாதமா என்று கேட்கிறவர்கள் அஞ்சு சுரம் செய்து பார்க்கட்டும்.

எல்லாம் சரி. அந்தப் பொத்தானை என்ன செய்வது? இருபத்தைந்து கட்டையில் உலகத்துச் சுரமெல்லாம் அடங்காது, அதனால் இடது ஓரத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அமுக்கினால் மொத்தக் கட்டையும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அதே கட்டை, அதே விரல், குரல் மட்டும் பெண்ணிலிருந்து ஆணாகிவிடும். இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்தச் சிவப்பு விளக்கு. பெட்டியை அணைத்தாலும் பொத்தான் விட்ட இடத்திலேயே நிற்கும். பெரிய கீபோர்டு வாசிக்கிறவன் இந்தத் தப்பைச் செய்ய நினைத்தாலும் முடியாது, அவனுக்குக் கீழ்க் குரல் வேண்டுமென்றால் கை இடது பக்கம் போயாக வேண்டும், கைக்குத் தெரியும். சின்னப் பெட்டிக்காரிக்குக் கை அங்கேயேதான் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் அவள் பொத்தானை அமுக்கினாள், அது நிச்சயம். குழந்தைவேலுவின் லாரி வாசலில் வந்து நின்று உறுமுமே, அந்த உறுமலைப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தாள். திரும்ப மேலே ஏற்றினாளா? ஏற்றியிருப்பாள். ஏற்றினாளா? அப்போது பால் பொங்கிவிட்டது, அடுப்புக்கு ஓடினாள், அதற்கப்புறம் பெட்டியை அணைத்தது ஞாபகம் இருக்கிறது, பொத்தான் ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடத்தில் வாசித்தபோது அமுக்கியிருக்கலாம், அப்படியானால் இன்றைய சிவப்பு அந்தச் சிவப்பு, திங்கட்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாடா. ஆனால் செவ்வாய்க்கிழமை வாசித்தாளா? அன்றைக்குத்தானே கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக ரத்த வகை பார்க்க வந்தார்கள், சாப்பிடவே நேரமில்லை.

திங்கட்கிழமையை எத்தனை தடவை புரட்டினாலும் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது. நாச்சிமுத்தண்ணன் கடையில் பெட்டியை வயர் போட்டு அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரே தடவையில் வாசித்து முடித்தாள். ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களில் அதைத் திரும்பப் போட்டார். அறை நிறைந்தது. நிறைந்ததில் இவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, தன் சத்தத்தை அவ்வளவு பெரிதாக அவள் கேட்டதே இல்லை, அந்தப் பெருக்கத்தில் காதுக்கு ஸ்தாயி எங்கே புரிந்தது, கலங்கின கண்ணுக்கு விளக்கு எங்கே தெரியப் போகிறது! அவர் தலையாட்டிவிட்டு, “நல்லா கும்முனு இருக்குது அம்மணி,” என்றார். கும்முனு. கணீர்னு என்று சொல்லவில்லை, கும்முனு என்றார். மேல் ஸ்தாயியில் வாசித்த மணிச் சத்தத்தை யாராவது கும்முனு இருக்கிறது என்பார்களா? ஆனால் அவருக்கு எல்லாமே கும்முனுதான், ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று அவர் இடது காது அரைக் காது. டீயைக்கூட ஒருநாள் கும்முனு இருக்குது என்றார். சரி, அப்படியானால் பயமில்லை. ஆனால் அவரேதான் அதற்கு முந்தின வாரம், “கூம்புக்குக் கனத்த குரல் ஏறாதுங்க அம்மணி, தொண்ட கட்டுன மாதிரி கரகரன்னு போயிரும்,” என்றார். கீழ் ஸ்தாயியில் பதிவாகியிருந்தால் இந்தத் தூண்களிலிருந்து இன்றைக்கு அவள் பேரில் ஒரு கரகரப்பு இறங்கும். ஏதோ ரிப்பேர் என்று ஜனம் அண்ணாந்து பார்க்கும். நங்கை பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை; “பாவம்” என்று ஒரு பார்வை, பழனி போய்ச் சேருகிறதுக்குள் பத்துப் பேருக்குப் போன். பழிப்பைத் தாங்கலாம், ரேணுகா திருப்பிக் கொடுப்பாள். அந்தப் பார்வைக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. நாச்சிமுத்தண்ணன் இல்லை, குழந்தைவேலு. பின்னால் பாறை பிளக்கிற சத்தம். “போட்டாச்சா?” “இன்னும் இல்லீங்க.” “போட்டா போனத் தூக்கிப் புடி, நானுங் கேக்கறேன்.” “உங்களுக்கு அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்?” “நிறுத்தச் சொல்றேன்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். போர்வெல் ஓடுகிறபோது நடுவில் நிறுத்துவதென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், தோட்டத்துச் சொந்தக்காரர் மேலும் கீழும் குதிப்பார். “வேண்டாமுங்க,” என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அங்கே இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி ஓய்ந்தது, ஓய்ந்த இடத்தில் ஒரு மயில் அகவியது. இந்த மனுசனுக்காகவாவது அது சரியான ஸ்தாயியில் இருக்கட்டும், மாரியாத்தா, வேறொன்றும் கேட்கவில்லை. நங்கை சேலையை முடித்து, கடைக்காரன் தம்பியின் குணத்துக்கு வந்திருந்தாள். கூம்புகளில் பொர்ரென்று ஒரு இரைச்சல் வந்து நின்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். ரேணுகா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. கீழே. ஒரு ஸ்தாயி கீழே. போச்சு என்று நினைத்து முடிப்பதற்குள் இரண்டாவது இறங்கிவிட்டது, மூன்றாவதும். கரகரப்பு எங்கே? கரகரப்பு இல்லை. கனத்ததை மட்டும் கூம்பு விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது; வாய் முழுக்கத் திறந்து வைத்திருந்தாளே, அதனால் அனுப்புவதற்கு மிச்சம் இருந்தது. அதை அவள் தெரிந்து வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா, இப்போது யார் கேட்கப் போகிறார்கள்! நாலாவது படி இறங்கியது, அஞ்சாவது தூக்கியது. மணிச் சத்தம் இல்லை அது. சிறுமி ஒருத்தி ஓடி வந்து கூப்பிடுவதாகத்தான் அவள் செய்தாள். வந்து நின்றதோ ஒரு பெரிய மனுசி, வீட்டுக்கு மூத்தவள், அதட்டாமல், அவசரப்படாமல், ‘கிளம்பலாமா?’ என்று ஒரு தடவை கேட்கிறவள். ஹாரன்களும் பூக்காரிகளும் மேலே மேலே கத்திக்கொண்டிருந்த அந்த நிலையத்தில் கீழே ஒரு இடம் காலியாகக் கிடந்திருக்கிறது, இவளுக்கே தெரியாது, அதில் போய் அது உட்கார்ந்துகொண்டது. வால் நீண்டு அடங்கியது. எதிர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே பையைத் துழாவினார். கடலை விற்கிறவன் அளந்துகொண்டிருந்த படியை அப்படியே பிடித்தபடி நின்றான். நங்கை கடைக்காரன் தம்பியைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுக் கையை உயர்த்தி, “செத்த சும்மா இரு அம்மணி, பஸ்ஸு சொல்றாங்க,” என்றாள். ரேணுகா வாயே திறந்திருக்கவில்லை. பழனி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் என்றது பெண் குரல். நங்கை எழுந்துவிட்டாள், ஒரு கையில் பை, ஒரு கையில் தேங்காய் மூட்டை, “வா வா, நின்னுட்டா எடம் கெடைக்காது” என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நிலையம் முழுக்கத் தேடினாலும் அது தப்பான ஸ்தாயி என்று தெரிந்த ஒரே ஆள் ரேணுகாதான். அதை நினைக்கவும் ஒரு கர்வம் வந்தது. தப்பையும் கண்டுபிடிக்க அவளை விட்டால் ஆளில்லை. மாற்றச் சொல்ல மாட்டாள். நாச்சிமுத்தண்ணன் கேட்டால் யோசித்துத்தான் இப்படி வைத்தேன் என்பாள், நாளைக்கு அதையே அவளும் நம்பிவிடுவாள். போனைக் காதில் வைத்தாள். “கேட்டுச்சுங்களா?” “இன்னொருக்காப் போடச் சொல்லு,” என்றார் குழந்தைவேலு. போடுவார்கள், போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வைத்தாள். நங்கை பஸ் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, திடீரென்று ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். “ஏனம்மணி, உன்ற மியூசிக்க எப்பத்தான் போடுவாங்க? அதக் கேக்கத்தான நான் உக்காந்திருந்தேன், கேக்காமயே போறேன் பாரு.” நோம்பியன்றிலிருந்து நங்கைக்கென்று சேர்த்து வைத்த பதில்கள் எத்தனையோ இருந்தன, கூர் தீட்டியவை, இராத்திரி படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தவை. அவை எதுவும் இப்போது வேண்டியிருக்கவில்லை.

“நீங்க கேட்டதும் எந்திரிச்சு வந்தீங்கல்லங்க நங்கை,” என்றாள் ரேணுகா, “அதானுங்க.”